முழுதாகக் கேட்டவள்

இரண்டு தெருக்காரர்கள் தண்ணீர்க் குழாய்க்காக மண்டையை உடைத்துக்கொண்டாலும் சரி, ஆலை வாசலில் தொழிலாளிகளும் முதலாளியும் முறைத்துக்கொண்டு நின்றாலும் சரி, பெரியவளைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள். மனோதத்துவம் படித்தவள். மனிதர்கள் எதற்காகச் சண்டை போடுகிறார்கள், எது நியாயம் என்று அவர்களுக்குப் படுகிறது, எப்போது சமாதானம் ஆகிறார்கள் என்பதையே வாழ்நாளெல்லாம் ஆராய்ந்தவள். பல்கலைக்கழகத்தில் அவளுக்கென்று ஒரு பெரிய அறை, மேடம் மேடம் என்று பின்னாலேயே வரும் மாணவர் கூட்டம். பிறந்த வீட்டில் மட்டும் அந்தப் பெருமை செல்லுபடியாகவில்லை. காய்ச்சல் தலைவலிக்கு ஒரு மாத்திரை எழுதித் தர வக்கில்லாத டாக்டர் என்று தம்பி கிண்டல் செய்வான்.

அவள் கண்டுபிடித்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டார்கள் என்று பட்டால், தீர்ப்பு எதிராகப் போனாலும் மனிதன் பொறுத்துக்கொள்வான். கேட்காமல் கொடுத்தால் நல்லதைக்கூட வாங்க மாட்டான். இதை வைத்து ஒரு முறையே வகுத்திருந்தாள். ஒருவர் பேசும்போது மற்றவர் வாய் திறக்கக் கூடாது. முடித்ததும், கேட்டவர் அதைத் தன் வாயால் திருப்பிச் சொல்ல வேண்டும். 'ஆமாம், இதைத்தான் சொன்னேன்' என்று பேசியவர் ஒப்புக்கொண்ட பிறகுதான் அடுத்தவர் முறை. இதனால் மூடிய ஆலைகள் திறந்திருக்கின்றன. வெட்டுவேன் குத்துவேன் என்று நின்றவர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்திருக்கிறார்கள். ஆகவே இதை வெறும் வாய்ஜாலம் என்று யாரும் தள்ளிவிட முடியாது.

முதல் வகுப்பிலேயே மாணவர்களிடம் ஒன்று சொல்லிவிடுவாள். முடிவை முன்னாலேயே எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகு கேட்பதுபோல் பாவலா காட்டாதீர்கள், அது கேட்காமல் இருப்பதைவிடக் கேவலம் என்பாள். கேவலம் என்ற சொல்லை அழுத்திச் சொல்வாள்.

அப்படிப்பட்டவள் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மழையில் பாதி நனைந்து, தம்பியின் சலவைக்கடைக்கு வந்து சேர்ந்தாள்.

கீழே கடை, மேலே வீடு. லாட்ஜுகளின் படுக்கை விரிப்பும் தலையணை உறையும் துண்டும் மூட்டை மூட்டையாக வரும். துவைத்து, தேய்த்து, மடித்துக் கட்டி அனுப்ப வேண்டும். வாரக்கணக்கில் மழை விட்டபாடில்லை. மொட்டை மாடிக் கொடிகள் சும்மா தொங்கின. அதனால் கடைக்குள்ளேயே குறுக்கும் நெடுக்கும் கயிறு கட்டி ஈர விரிப்புகளைப் போட்டிருந்தார்கள். உள்ளே வருகிறவர்கள் குனிந்து, விலக்கி, முகத்தில் ஒரு ஈரத் துணியின் அறையும் வாங்கி, அப்புறம்தான் ஆள் இருக்கும் இடத்துக்கு வர முடியும். சோப்பு வாசனையை மீறி ஒரு பூஞ்சை வாசனை அடித்தது. மேலே தம்பியும் அவன் பொண்டாட்டியும், மகன், மருமகள், கைக்குழந்தை என்று இரண்டு அறைகளில் நெருக்கியடித்துக்கொண்டு கிடந்தார்கள். கீழே, துவைக்கும் மெஷின்களுக்குப் பின்னால் இருந்த சின்ன அறை சின்னவளுடையது. பெரியவளுக்கும் தம்பிக்கும் இளைய தங்கை, இந்த வீட்டின் கடைக்குட்டி. புருஷன் வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது.

வந்த காரியம் அந்த அறைதான். போன வாரம் தம்பி போன் செய்திருந்தான். ஏதோ கருத்தரங்குக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெரியவள், ஒரு கையால் பெட்டியை மூடிக்கொண்டே கேட்டாள்.

"அக்கா, ட்ரையர் மெஷின் வாங்கியே ஆகணும். விரிப்பு நாத்தம் அடிக்குதுன்னு லாட்ஜ்காரன் மூட்டையை அப்படியே திருப்பி அனுப்பிட்டான். அதை வைக்க அவ ரூமை விட்டா வேற எடம் இல்ல."

"அவ எங்கடா போவா?"

"என் பொண்டாட்டியோட பெரியம்மா படுத்த படுக்கையாக் கெடக்காங்க இல்ல, தனியா. அங்க போய் இருந்தா அவங்களுக்கும் ஒத்தாசை, இவளுக்கும் தங்க எடம். இல்லேன்னா..." என்று இழுத்தான். "இல்லேன்னா உன் வீட்டுல ஒரு ரூம் சும்மாதானே கெடக்கு."

"சும்மா எங்க கெடக்கு, புத்தகம் பூரா அங்கதான் இருக்கு. நான் எழுதுற எடம்டா அது. என் வீடு சரிப்படாது," என்று பெரியவள் சட்டென்று சொன்னாள். சொன்ன வேகம் அவளுக்கே ஒரு மாதிரி இருந்தது. உடனே குரலைத் தணித்துக்கொண்டாள். "பெரியம்மா வீடுதான் சரி. ஆனா நீயா போய் அவகிட்ட உளறி வைக்காதே. நான் வந்து எல்லாரையும் உக்கார வச்சுப் பேசுறேன். முதல்ல அவளைப் பேச விடணும். மனசுல இருக்கிறதையெல்லாம் ஒரு தடவை கொட்ட விட்டுட்டா, அவ ஒத்துக்குவா."

"ஒத்துக்குவாளா?"

"ஒத்துக்குவா. இதுதானேடா என் தொழிலே."

எல்லாரும் மடிப்பு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். ஒரே நேரத்தில் நாலு பேர் நின்று விரிப்பு மடிக்கிற அளவு பெரிய மேசை அது. மெஷின்களை நிறுத்தியிருந்தார்கள். தம்பி பொண்டாட்டி ரொட்டியும் பொரித்த முட்டையும் கொண்டுவந்து வைத்தாள். "சாப்பிட்டுட்டுப் பேசலாம் அண்ணி. வெறும் வயித்துல பேசுனா சண்டைதான் வரும்," என்றாள் பெரியவளிடம். இதைத்தான் பெரியவள் ஒரு கட்டுரையில் பதினைந்து பக்கத்துக்கு எழுதியிருந்தாள். சிரித்துக்கொண்டே சாப்பிட்டாள். சின்னவள் மட்டும் தட்டைத் தொடவில்லை.

பெரியவள் முறையை விளக்கினாள். சின்னவள் கவனமாகக் கேட்டாள்.

"நடுவுல யாரும் பேச மாட்டாங்களா?"

"பேச மாட்டாங்க."

"அண்ணன்கூடவா?"

"அண்ணன் பேசினா வெளியே அனுப்பிருவேன்," என்றாள் பெரியவள். தம்பி வாயில் விரலை வைத்துக் காட்டினான். சின்னவள் அரைச் சிரிப்புச் சிரித்தாள். பிறகு மேசையில் கிடந்த ஒரு துண்டை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். அவள் பேச ஆரம்பிக்க நேரம் ஆனது. பெரியவள் அவசரப்படுத்தவில்லை. காத்திருக்க அவளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

"எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியலக்கா," என்றாள் சின்னவள். "நான் அந்த வீட்டை விட்டு வந்தப்ப, அண்ணன் ஒண்ணுமே கேக்கல. ஒரு மூட்டையை என் முன்னாடி போட்டு, இதை மடிச்சு வைன்னு சொல்லிட்டுப் போயிட்டான். அன்னிக்கு அது எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு. ஏன் வந்தேன்னு கேட்டிருந்தா அழுதிருப்பேன். மடிக்கச் சொன்னான், மடிச்சேன். அப்புறம் மடிச்சுக்கிட்டே இருந்துட்டேன். ஆனா ஒருத்தரும் கேக்கவே மாட்டீங்கன்னு நான் நெனைக்கல. ஒரு வருஷம் போகட்டும், ரெண்டு வருஷம் போகட்டும், யாராவது கேப்பாங்கன்னு இருந்தேன். அம்மா இருந்தவரைக்கும் அவங்களும் கேக்கல. நீ லீவுக்கு வருவே. உன் ஆராய்ச்சியைப் பத்திச் சொல்லுவே. நான் டீ போட்டுக் குடுப்பேன். நீயும் கேக்கல."

பெரியவள் தலையை அசைத்தாள். கேட்கிறேன் என்று காட்டும் அசைவு. அது பழகிப்போன தலை.

"அவர் என்னை அடிச்சதெல்லாம் இல்லக்கா. குடிக்கல. ஊர்ல எல்லாரும் அதைத்தான் நெனச்சுக்கிட்டாங்க, நானும் ஆமான்னும் சொல்லல, இல்லேன்னும் சொல்லல. அவர் என்கிட்ட பேச மாட்டார், அவ்வளவுதான். கல்யாணமாகிக் கொஞ்ச நாள்லேயே பேச்சை நிறுத்திட்டார். ஏன்னு இன்னிக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. உப்பு வேணும்னா அவங்க அம்மாகிட்ட சொல்லுவார். அவங்க என்கிட்ட சொல்லுவாங்க. நான் எதிர்ல நின்னு பேசுனாலும், காத்து அடிச்ச மாதிரி தாண்டிப் போயிருவார். ஒருநாள் கிணத்தடியில வழுக்கி விழுந்து கத்துனேன். திண்டுல உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தவர், பக்கத்தைத் திருப்புனார். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. அன்னிக்கு எனக்குச் சந்தேகமே வந்துருச்சுக்கா, நான் நெசமா கத்துனேனா, இல்ல கத்துனதா நெனச்சுக்கிட்டேனான்னு. அதான் வந்துட்டேன். இதை வெளியே சொன்னா சிரிப்பாங்க. புருஷன் பேசலேன்னு யாராவது வாழ்க்கையை விட்டுட்டு வருவாங்களான்னு கேப்பாங்க."

தம்பி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பொண்டாட்டி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"இப்ப அந்தப் பெரியம்மா வீட்டுக்குப் போகச் சொல்லப் போறீங்கன்னு நெனைக்கிறேன். அண்ணி முன்னாடி ஒருதரம் என்னைக் கூட்டிக்கிட்டுப் போனாங்க. வேலைக்கு நான் பயப்படலக்கா. பீ மூத்திரம் எடுக்குறது எனக்குப் புதுசில்ல, அம்மாவுக்கு எடுத்திருக்கேன். ஆனா அவங்களுக்குக் காது சுத்தமா போயிருச்சு. பேச்சும் போயிருச்சு. அந்த வீட்டுல கடிகாரம் ஒண்ணுதான் சத்தம் போடுது. மறுபடி அந்த மாதிரி ஒரு வீட்டுக்குள்ள என்னால போக முடியாது. இங்க மெஷினாவது ஓடுது. மூட்டைக்காரன் வந்து திட்டுறான், குழந்தை அழுவுது, அண்ணன் எம்மேல எரிஞ்சு விழுறான். ரூம் வேணும்னு நான் கேக்கல. படிக்கட்டுக்குக் கீழே ஒரு கட்டில் போட்டாப் போதும். ஆளுங்க சத்தம் கேக்குற எடத்துல இருந்தாப் போதும்."

பெரியவளுக்கு வலித்தது. நிஜமாகவே வலித்தது, அதில் நடிப்பில்லை. கூடப் பிறந்தவள் இருபது வருஷம் இதை உள்ளே வைத்துக்கொண்டு டீ போட்டுக் கொடுத்திருக்கிறாள். எழுந்து போய் அவளைக் கட்டிக்கொண்டு, எங்கேயும் போக வேண்டாம்டி என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாய் வேறு வேலையைச் செய்தது. தொழில் பழக்கம்.

"நீ சொன்னதைத் திருப்பிச் சொல்றேன், சரியான்னு பாரு," என்று ஆரம்பித்து, ஒன்று விடாமல் சொன்னாள். கிணற்றடியைச் சொன்னாள். பேப்பர் திருப்பிய சத்தத்தைச் சொன்னாள். கடிகாரத்தைச் சொன்னாள். தன்னுடைய வார்த்தைகளே அக்காவின் வாயிலிருந்து வருவதைக் கேட்டுக்கொண்டே சின்னவள் அழ ஆரம்பித்தாள். அழுதுகொண்டே தலையாட்டினாள்.

"ஆமாக்கா. அதேதான்."

அடுத்து தம்பி பேசினான். அவனும் பொய் சொல்லவில்லை. லாட்ஜ்காரன் கை விட்டால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்றான். படிக்கட்டுக்குக் கீழே கரண்டு பெட்டி இருக்கிறது, தண்ணீர் ஒழுகுகிறது, அங்கே நாயைக்கூடப் படுக்க வைக்க முடியாது என்றான். "நான் உன்னைத் துரத்தலடி," என்று சொல்லும்போது அவனுக்கும் குரல் உடைந்தது.

"இப்ப அண்ணன் சொன்னதை நீ சொல்லு," என்றாள் பெரியவள், மென்மையாக. இந்த இடம்தான் முக்கியமான இடம் என்று அவளுக்குத் தெரியும். எதிராளியின் கஷ்டத்தைத் தன் வாயால் எடுத்துச் சொல்கிறவர் பாதி இறங்கி வந்துவிடுவார். எத்தனையோ சங்கத் தலைவர்கள் இந்த இடத்தில்தான் இறங்கி வந்தார்கள்.

சின்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். "மெஷின் வரலேன்னா கடை போயிரும். கடை போனா இந்தக் குழந்தை வரைக்கும் எல்லாரும் நடுத்தெருவுல நிக்கணும். மெஷினுக்கு என் ரூமை விட்டா எடம் இல்ல. அண்ணன் என்னைத் துரத்தல." துண்டை மேசையில் வைத்து நீவிவிட்டாள். "சரி. நான் போறேன்."

தம்பி பொண்டாட்டி பெருமூச்சு விட்டுத் தட்டுகளை அடுக்கினாள். தம்பி அக்காவை நிமிர்ந்து பார்த்தான். சொன்ன மாதிரியே முடிச்சிட்டியே என்கிற பார்வை. இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அவளுடைய படிப்பின் மேல் அவனுக்கு மரியாதை வந்திருந்தது. பெரியவளுக்குச் சுருக்கென்றது.

அதோடு விட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பாள். சின்னவள் மேசையைச் சுற்றிக்கொண்டு வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சோப்பில் ஊறிக் காய்த்துப்போன கை. "நீ ஒருத்திதான்க்கா என்னை முழுசா கேட்டே," என்றாள். "இது போதும். டீ போட்டு எடுத்துக்கிட்டு வரேன், என் ரூம்ல உக்காரு."

பெரியவள் அந்த அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தாள். ஒற்றைக் கட்டில், ஒரு டிரங்குப் பெட்டி, ஒரு கண்ணாடி. கண்ணாடியில் பார்த்தபோதுதான் பின்னால் சுவரில் இருந்ததைக் கவனித்தாள். தலையணைக்கு நேர் மேலே சாக்கட்டியால் ஒரு பெரிய வட்டம் போட்டு, நடுவில் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தது. பக்கத்தில் ஏதோ அளவு.

டீயோடு வந்த சின்னவள் அவள் பார்வையைப் பார்த்தாள். "அதுவா. மெக்கானிக் வந்து போட்டுட்டுப் போனான். ட்ரையரோட பைப்பு அந்த வழியாத்தான் வெளியே போகணுமாம்."

"எப்போ வந்தான்?"

"திங்கக்கிழமையே வந்துட்டான். அண்ணன் கடையில இல்லாத நேரமாப் பார்த்து வந்து, என்கிட்டயே சாவி வாங்கித் தொறந்து போட்டான்," என்று சிரித்தாள். "மெஷினுக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சாம். பாவம், அவனுக்கு ஒண்ணும் தெரியாது, எல்லாத்தையும் சொல்லிட்டான்."

"அப்போ உனக்கு எல்லாம் முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா அவ்வளவும் பேசுன?"

சின்னவள் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்தாள். "அண்ணன் முடிவு பண்ணிட்டான்னு தெரியும். அவன் மாத்த மாட்டான். அதுக்காகப் பேசல. நீ வந்து கேக்குறேன்னு சொன்னியே, அதுக்காகப் பேசுனேன். உனக்கு ஒண்ணும் தெரியாது, நெசமா கேக்கத்தான் வரேன்னு... அப்படி ஒருத்தர் இருந்தாப் போதும்னு இருந்துச்சு."

பெரியவள் வாயை மூடிக்கொண்டு டீயைக் குடித்துவிட்டு பஸ் ஏறியிருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது. சின்னவளுக்கு அந்த ஒரு நிம்மதியாவது மிஞ்சியிருக்கும். சொல்வது அவளுக்காகவா, தன் பாரம் இறங்கவா என்று அவளால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டாள்.

"எனக்கும் தெரியும்டி. அவன் போன வாரமே எனக்குப் போன் பண்ணிட்டான். பெரியம்மா வீடுதான் சரின்னு நான்தான் சொன்னேன். உன்னைப் பேச விட்டா நீ ஒத்துக்குவேன்னும் நான்தான் சொன்னேன்."

சின்னவள் முகத்தில் இருந்த சிரிப்பை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். அவ்வளவு நேரம் அழுது சிவந்திருந்த கண்ணில் இப்போது ஒரு சொட்டு வரவில்லை. அதைத்தான் பெரியவளால் பார்க்க முடியவில்லை.

"அப்போ நான் சொல்லும்போது, நீ கேக்கவே இல்லையா?" என்றாள் கடைசியில்.

"கேட்டேன். கேட்டேன்டி. ஆனா கேட்டுட்டும் அதையே செஞ்சேன்."

டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பெரியவள் கடைக்குள் வேகமாகப் போனாள். தம்பி மெஷினைப் போட்டு ஒரு மூட்டையை உள்ளே திணித்துக்கொண்டிருந்தான்.

"பெரியம்மா வீடு வேண்டாம்டா. நான் சொன்னது தப்பு. மெஷினை வேற எங்கேயாவது வை."

"என்னக்கா வெளையாடுறியா? அவளே சரின்னு சொல்லிட்டாளே."

"நான் சொல்ல வச்சேன்."

"அதுக்குத்தானே உன்னை வரச் சொன்னது." தம்பி மெஷினின் கதவை அறைந்து சாத்தினான். "அழுது, பேசி, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிருக்கு. இப்ப நீயே வந்து கலைக்காதே. வேணும்னா உன் வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ. நான் மொதல்லயே கேட்டேன் இல்ல?"

சின்னவள் பின்னாலேயே வந்து நின்றாள். "அண்ணன் உன்கிட்ட என்னக்கா கேட்டான்?" என்று கேட்கப்போகிறாள் என்று பெரியவள் நினைத்தாள். அவள் கேட்கவில்லை. தம்பி என்ன கேட்டான், அக்கா என்ன பதில் சொல்லியிருப்பாள் என்று அவளுக்குப் புரிந்துவிட்டிருந்தது. கயிற்றில் தொங்கிய ஒரு விரிப்பைத் தொட்டுப் பார்த்தாள். இன்னும் ஈரம்.

"வேணாம்க்கா. நான் போறேன்னு சொன்னது சொன்னதுதான்," என்றாள்.

"இன்னொரு தடவை உக்காந்து பேசலாம். இந்தத் தடவை நெசமா."

"இன்னொரு தடவை என்னால முடியாது. அதெல்லாம் ஒரு தடவைதான் வரும். வந்துருச்சு. தீர்ந்துபோச்சு."

"அப்போ என் வீட்டுக்கு வா. இன்னிக்கே வா. அந்த ரூம்ல இருக்கிற புத்தகத்தையெல்லாம் தூக்கி ஹால்ல போட்டுர்றேன். நெசமாத்தான்டி சொல்றேன்."

சின்னவள் அக்காவை நன்றாகப் பார்த்தாள். கோபம் இல்லை அந்தப் பார்வையில். கோபம் இருந்திருந்தால் பெரியவளுக்கு அதை எப்படித் தணிப்பது என்று தெரிந்திருக்கும்.

"நீ நெசமாத்தான் சொல்றே. கொஞ்ச நாள் நல்லாத்தான் வச்சுக்குவே," என்றாள். "அப்புறம் ஒருநாள், எழுதுறதுக்கு எடம் பத்தலேன்னு உனக்குத் தோணும். உடனே போன்னு சொல்ல மாட்டே. எதிர்ல உக்கார வச்சு, முழுசா கேப்பே."

இல்லை என்று சொல்லப் பெரியவள் வாயைத் திறந்தாள். தான் அப்படித்தான் செய்வோம் என்று அவளுக்கே தெரிந்திருந்ததால், மூடிக்கொண்டாள்.